கோமுவுக்கு வந்த கமெண்டுகள்

கதவு பெயர்ந்து விழப்போகிறது என்றுதான் தளவாய் நினைத்தான். அப்படி ஒரு இடி.

கங்கைகொண்டான் டயர் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு முடித்து, கம்பெனி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, இட்லியைப் பிய்த்து வாயில் போட்டுவிட்டுப் படுத்தவன். கண் இன்னும் சரியாகச் செருகக்கூட இல்லை. வெளியே மனைவி முத்துராணி உள்ளங்கையால் கதவை அறைந்துகொண்டிருந்தாள்.

“ஏங்க! எந்திரிங்க! எல்லாம் போச்சு!”

எல்லாம் போச்சு என்றதும் தளவாய்க்கு முதலில் ஞாபகம் வந்தது களக்காட்டில் இருக்கும் மாமனார்தான். வாழைத்தார் மண்டி வைத்திருப்பவர், ரத்தக்கொதிப்புக்காரர். கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கதவைத் திறப்பதற்குள், சூப்பர்வைசரிடம் எப்படி லீவு கேட்பது என்பது வரை யோசித்துவிட்டான்.

“மாமாவுக்கு என்னட்டி ஆச்சு?”

“எங்க அப்பாவுக்கு என்ன? கல்லு மாதிரி இருக்காவ. முதல்ல வாயைக் கழுவுங்க. கமெண்டு போச்சுங்க! ஒண்ணு விடாம அம்புட்டும் போச்சு!”

போனை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். ‘ஆத்துப்புள்ள கோமு’ என்ற பெயருக்குக் கீழே வரிசையாக வீடியோக்கள். ஒன்றைத் தொட்டுக் காட்டினாள். குறுக்குத்துறைக் கல்மண்டபத்தின் மேலிருந்து அவர்கள் மகள் கோமு ஆற்றுக்குள் பாய்ந்துகொண்டிருந்தாள். பார்த்தவர்கள் எண்ணிக்கை அப்படியே இருந்தது. அதற்குக் கீழேதான் காலி. கமெண்டுகள் நிறுத்தப்பட்டுள்ளன என்று ஒரே ஒரு வரி.

“இதுக்கா கதவை உடைச்ச?”

“இதுக்கான்னா கேக்கிய? ஊரு உலகத்துல இருந்து நம்ம பிள்ளைகிட்டப் பேசுதாவ. இனிமே அவ்வளவு பேரு வாயையும் கட்டிப் போட்ட மாதிரில்லா ஆச்சு.”

பக்கத்து வீட்டு இசக்கியக்கா வாசலில் நின்றபடியே விவரம் சொன்னாள். “சின்னப் பிள்ளைக வர்ற வீடியோவுக்கு எல்லாம் கம்பெனிக்காரனே கமெண்டை மூடிருதானாம். டிவியில சொன்னாவளே. நீங்க பார்க்கலையா?”

தளவாய் எதைப் பார்த்தான்? இரவெல்லாம் டயர் உருளுவதைப் பார்த்தான். பகலில் கூரையைப் பார்த்தான்.

“சரி, மூடிட்டுப் போறான். அவன் கடை, அவன் மூடுதான்” என்று திரும்பப் படுக்கப் போனான்.

“அப்போ கோமு?”

அந்த ஒரு வார்த்தைக்கு அவனால் படுக்க முடியவில்லை.

கோமு ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் கோமதி. தண்ணீரைக் கண்டால் நிற்க மாட்டாள். மீனாட்சிபுரத்தில் இருக்கும் வீட்டிலிருந்து ஆற்றுக்குப் பைக்கில் கூட்டிப்போனால், வண்டி நிற்பதற்கு முன்னாலேயே குதித்து ஓடுவாள். போன கோடையில் அவள் மண்டபத்திலிருந்து பாய்வதை மாமனாருக்கு அனுப்புவதற்காகத்தான் தளவாய் போனில் பிடித்தான். அதை முத்துராணி வலைத்தளத்தில் ஏற்றினாள். முதலில் சொந்தக்காரர்கள் பார்த்தார்கள். பிறகு ஊர்க்காரர்கள். பிறகு யார் யாரோ. லட்சத்தைத் தாண்டியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆறு, கோமு, வீடியோ என்றாகிவிட்டது. வாரத்தில் அவனுக்குக் கிடைக்கும் ஒரே விடுமுறையும் தண்ணீருக்குள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதில் போயிற்று. ஆனாலும் பிள்ளை சிரித்தாள், அதனால் போகட்டும் என்றிருந்தான்.

இப்போது கொஞ்ச நாளாக அந்தச் சிரிப்பு இல்லை. ஞாயிறு வந்தால் காது வலி. அடுத்த ஞாயிறு சளி. அதற்கடுத்து வீட்டுப்பாடம். வண்ணாரப்பேட்டை காது டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “ஒண்ணுமே இல்லையே” என்றார். பிள்ளை ஆற்றுப் பக்கம் திரும்ப மாட்டேன் என்கிறாள்.

“கொஞ்ச நாளாவே கமெண்டு குறைஞ்சிட்டு வந்திச்சுங்க. பிள்ளை அதுலதான் வாடிப் போனா. இப்போ ஒண்ணுமே இல்லைன்னா சுத்தமா மனசு விட்டுருவா” என்றாள் முத்துராணி. “எப்சிகிட்டப் போயிட்டு வாங்க. அவளுக்குத் தெரியும். எழுதிப் போட்டா திறந்து விடுவானாம்.”

தளவாய் சட்டையை மாட்டிக்கொண்டு, அவள் போனையும் வாங்கிக்கொண்டு கிளம்பினான்.

எப்சி பாளையங்கோட்டையில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டும் ஸ்டூடியோ வைத்திருப்பவள். தளவாயின் தங்கை கல்யாணத்துக்கும் அவள்தான். உள்ளே போனபோது திரையில் யாரோ ஒரு மாப்பிள்ளை தாலி கட்டுவதும் கட்டாமல் பின்னோக்கிப் போவதுமாக இருந்தான்.

“வாங்க அண்ணாச்சி. என்ன, தூக்கத்துலயே நடந்து வந்துட்டியளா?”

“ஏம்மா?”

“சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கிய.”

கடையின் மூலையில் நின்று சட்டையைச் சரியாகப் போட்டுக்கொண்டு விஷயத்தைச் சொன்னான். எப்சி போனை வாங்கி, எங்கெங்கோ தட்டிப் பார்த்தாள்.

“இது கம்பெனி மூடினது இல்லையே அண்ணாச்சி. அவங்களும் மூடுவாங்கதான். ஆனா அவங்க மூடினா நம்மால திறக்க முடியாது. இது இங்கன திறக்க வழி இருக்கு. உங்க வீட்டுல இருந்துதான் யாரோ மூடியிருக்காங்க. அதுவும் ஒவ்வொரு வீடியோவாப் போயி, உட்கார்ந்து, மெனக்கெட்டு.”

“எங்க வீட்டுலயா? முத்துராணிதான் என்னை எழுப்பி விரட்டி விட்டதே. கை தவறிப் பட்டிருக்குமோ?”

“ஒண்ணுல படலாம். அம்புட்டுலயுமா கை தவறும்?” எப்சி சிரித்தாள். “சரி, இப்போ திறந்துட்டாப் போச்சு. முதல்ல அந்த மண்டப வீடியோவைத் திறக்கேன். பழைய கமெண்டு எல்லாம் வருதான்னு பாப்போம்.”

திறந்தாள். வந்தன. சடசடவென்று கீழே இறங்கிக்கொண்டே போயின. விரலால் தள்ளிக்கொண்டே போன எப்சியின் சிரிப்பு பாதியில் நின்றது. கொஞ்ச தூரம் போய் விரலும் நின்றது.

“அண்ணாச்சி, இதெல்லாம் நீங்க வாசிச்சதே இல்லையா?”

“எங்கம்மா நேரம்? எத்தனை வந்திருக்குன்னு நம்பரை மட்டும் பார்ப்பேன். வாசிக்கிறது எல்லாம் வீட்டுலதான்.”

எப்சி போனை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

தமிழ்தான், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில் இருந்தது. தளவாய் எழுத்துக் கூட்டித்தான் வாசித்தான். மேலே நிறைய இதயப் படங்கள். அப்புறம் ஒரு நேரம். 2:41 என்று ஒருவன் போட்டிருந்தான். அதற்குக் கீழே இன்னொருவனும் அதையே. அதற்கும் கீழே வரிசையாக அதே எண்ணை முகம் தெரியாத பல பேர் போட்டிருந்தார்கள்.

“இது என்னம்மா?”

“வீடியோவுல அந்த இடத்தைப் போயிப் பாருன்னு ஒருத்தனுக்கு ஒருத்தன் சொல்லிக்கிடுதான்.”

தளவாய் அந்த இடத்தை ஓட்டிப் பார்த்தான். கோமு தண்ணீரிலிருந்து படியேறி வந்து, பாவாடையைப் பிழிந்துவிட்டுத் துண்டுக்குக் கை நீட்டுகிறாள். அவ்வளவுதான்.

“இதுல என்ன இருக்கு? ஒண்ணுமில்லையே” என்றான்.

 எப்சிக்கும் வீட்டில் பெண்பிள்ளை இருக்கிறது. மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவன் பக்கம் நகர்த்தினாள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. துண்டை நீட்டும் கை அவனுடையது. போனைப் பிடித்திருக்கும் கையும் அவனுடையது. இவ்வளவு பேரும் அவன் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மேலும் வாசித்தான். வாசிக்க வாசிக்கக் கூச்சமாக இருந்தது. ‘மாமா கூட நீந்த வர்றியா?’ ‘மாமாவுக்கு மட்டும் தனியா ஒரு வீடியோ போடுவியா?’ அதற்குக் கீழே இன்னும் இருந்தது, அதை அவன் முழுதாக வாசிக்கவில்லை.

அவனை அதைவிட அடித்தது இன்னொன்று. பல கமெண்டுகளுக்குக் கீழே, ‘ஆத்துப்புள்ள கோமு’ என்ற பெயரிலேயே பதில் போடப்பட்டிருந்தது. நன்றி மாமா. நன்றி அண்ணாச்சி. இதயம் போட்டவனுக்கு நன்றி. எண்ணைப் போட்டவனுக்கும் நன்றி மாமா. ஒருவன், ‘இது எந்த ஆறு, எப்போ குளிக்க வருவே?’ என்று கேட்டிருந்தான். அதற்கும் பதில் இருந்தது. ‘திருநெல்வேலி குறுக்குத்துறை. ஞாயிறு காலைல. வாங்க மாமா.’

தளவாய் கண்ணை மூடிக்கொண்டான். இதுதான் முத்துராணி. அவள் பிறந்தது மண்டிக்காரர் வீடு. வாசலில் யார் தலை தெரிந்தாலும் ‘வாங்க’ என்று சொல்லாமல் அவர்கள் வீட்டில் யாரும் அடுத்த வேலை பார்க்க மாட்டார்கள். கடன்காரன் வந்தாலும் வாங்க, சண்டைக்கு வந்தவனுக்கும் வாங்க. கமெண்டு வந்த முதல் நாளே சொல்லிவிட்டாள். “நம்ம பிள்ளைகிட்ட நாலு பேரு வந்து பேசுதாவ. பதில் சொல்லாம இருந்தா மண்டைக்கனம்னு நினைப்பாவ. ஒருத்தர் விடாம நன்றி போடணும்.” அவன்தான், “போடு, போடு” என்று தலையாட்டிவிட்டுத் தூங்கப் போனான்.

வாங்க மாமா.

“ஒருத்தன் வந்தானேம்மா, ஆத்துக்கே!” என்றான் எப்சியிடம்.

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி படித்துறையில் நின்றான். நல்ல சட்டை, நல்ல பேச்சு. “வீடியோ பார்ப்பேன் சார். வாங்கன்னு கூப்பிட்டிருந்தீங்க, அதான் வந்தேன்” என்றான். வெளியூர்ப் பேச்சு. ஏதோ மரியாதைக்குச் சொல்கிறான் என்று தளவாய் நினைத்தான். பெருமையாகக்கூட இருந்தது. முத்துராணி பிளாஸ்கிலிருந்து அவனுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். பாப்பாவோடு ஒரு போட்டோ என்று கேட்டான். கோமு ஈரத்தோடு அம்மா முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். “ஏட்டி, என்ன வெட்கம்? மாமா அவ்வளவு தூரத்துல இருந்து ஆசையா வந்திருக்காவ. பக்கத்துல போயி நில்லு” என்று சொன்னது யார்? தளவாய்தான். அவள் தோளில் அந்த ஆள் கையைப் போட்டதை, “சிரிட்டி” என்று சொல்லிப் படம் பிடித்துக் கொடுத்ததும் அவன்தான்.

அடுத்த ஞாயிற்றிலிருந்து காது வலி.

“அண்ணாச்சி… அண்ணாச்சி!” எப்சி கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். “எல்லாரும் இப்படி இல்லை. ஆரம்பத்துல வந்ததெல்லாம் நம்மூர்க்காரங்க, நல்லாத்தான் எழுதியிருக்காங்க. போகப்போகத்தான் இந்தக் கூட்டம் வந்திருக்கு. கடைசில பார்த்தா இவங்க மட்டும்தான் இருக்காங்க.”

“மூடும்மா.”

“மூடிடுதேன். அதுக்கு முன்னாடி எல்லா வீடியோவுலயும் உள்ளதை அப்படியே படம் பிடிச்சு வச்சிருதேன். போலீசுல குடுக்கணும்னா வேணும். அந்த ஆளு வந்ததாச் சொன்னியளே, அதையும் சொல்லணும். வீடியோவையும் எடுத்திருங்க அண்ணாச்சி. ஆனா எடுத்தா திரும்ப வராது. வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.”

திரும்பி வரும்போது கொக்கிரகுளம் பாலத்தில் வண்டி ஊர்ந்தது. கீழே ஆற்றில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். சில பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். தளவாய் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. உடம்பு முழுக்க வலித்தது. ஷிப்டு வலி இப்படி இருக்காது. அது படுத்தால் போய்விடும்.

வீட்டில் முத்துராணி வாசலிலேயே காத்திருந்தாள்.

“திறந்தாச்சா?”

“திறந்தாச்சு. பார்த்தாச்சு. மூடியாச்சு.” செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தான். “ஏட்டி, உனக்கு அறிவு இருக்கா? எவன் எவனோ என்னென்னமோ எழுதியிருக்கான். நீ ஒண்ணொண்ணுக்கும் நன்றி மாமா, நன்றி மாமான்னு போட்டிருக்க. ஆத்துக்கு எப்ப வருவேன்னு கேட்டவனுக்கு நேரத்தைச் சொல்லி வாங்கன்னு கூப்பிட்டிருக்க. இதுதான் உங்க மண்டி வீட்டு மரியாதையா?”

“என்ன எழுதியிருக்கான்?”

“வாசிக்காமலா பதில் போட்ட?”

“நான் எங்கங்க வாசிச்சேன்?” முத்துராணி திகைத்துப்போய் நின்றாள். “அதெல்லாம் இங்கிலீஷ் எழுத்துல்லா இருக்கு. நான் களக்காட்டுல தமிழ்ல படிச்சவ. ஒரு வரி கூட்டி முடிக்கதுக்குள்ள சோறு குழைஞ்சிரும். கோமுதான் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து எனக்கு வாசிச்சுக் காட்டுவா. நன்றி போடு, வாங்கன்னு போடுன்னு நான் சொல்லுவேன், அவதான் போடுவா.”

 தளவாய் கட்டிலில் உட்கார்ந்தான்.

“கோமுவா வாசிப்பா?”

“ஆமா. கேட்க எவ்வளவு நல்லா இருக்கும் தெரியுமா? ஒரு தடவை துபாய்ல இருந்து ஒருத்தர் எழுதியிருந்தாரு. இந்தத் தண்ணியைப் பார்த்ததும் அழுகை வந்துட்டு, இந்தப் பிள்ளை நல்லா இருக்கணும்னு. ஒரு டீச்சரம்மா, எங்க ஸ்கூல் பிள்ளைகளுக்கு எல்லாம் இவளைக் காட்டினேன்னு எழுதியிருந்தாவ. போன மாசம்கூட ஒரு அக்கா, கோமு மீனா பிறக்க வேண்டியவ, தப்பிப் பிள்ளையாப் பிறந்துட்டான்னு…” அவள் முகத்தில் பழைய சந்தோஷம் ஒரு நொடி வந்து போனது. “சமையல் பண்ணிக்கிட்டே கேட்பேன். அதுதான் எனக்கு அன்னன்னைக்குப் பேச்சுத் துணை. நீங்க ஷிப்டுல கிடப்பிய. எனக்கு வேற யாரு பேசுதா?”

தளவாய் எப்சியிடமிருந்து வாங்கி வந்த போனை எடுத்தான். அவள் பிடித்து வைத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினான். போன மாதத்துக் கமெண்டுகள். அதற்கு முந்தைய மாதத்தவை. துபாய்க்காரர் இல்லை. டீச்சரம்மா இல்லை. மீனாகப் பிறக்க வேண்டியவள் என்று எந்த அக்காவும் எழுதவில்லை. இதயங்களும் எண்களும் மாமாக்களும்தான்.

“என்னங்க தேடுதிய?”

“ஒண்ணுமில்ல.”

“சொல்லுங்க, என்னதான் எழுதியிருந்தான்?”

படங்களில் ஒன்றை அவள் முன்னால் பிடித்து, எழுத்துக்கூட்டி, மெதுவாக வாசித்துக் காட்டினான். இரண்டாவது வரியிலேயே முத்துராணி கையை நீட்டி அவன் வாயைப் பொத்தினாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து, கருகும் வாடை வீடெல்லாம் வந்தது. யாரும் எழுந்துபோய் அணைக்கவில்லை. இசக்கியக்காதான் கொல்லைப்புற வழியாக வந்து அணைத்துவிட்டு, இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுப் போனாள்.

“காப்பி குடுத்தேனேங்க அவனுக்கு” என்றாள் முத்துராணி.

“நான் போட்டோ எடுத்துக் குடுத்தேன்.”

வீடியோக்களை எடுத்துவிடலாமா என்று அவன் கேட்கவே இல்லை.  அவனே எப்சிக்குப் போன் போட்டு, “எல்லாத்தையும் எடுக்கப் போறேன், வழி சொல்லும்மா. நாளைக்குப் போலீசுக்குப் போறேன், நீயும் கூட வரணும்” என்றான். முத்துராணி அதைக் கேட்டுக்கொண்டே அடுப்பில் கருகிய பாலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பள்ளிக்கூட வேன் வந்து நின்றது. கோமு பையைச் சுமந்துகொண்டு உள்ளே வந்தவள், கட்டிலில் அப்பா விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றாள். அந்த நேரத்தில் அவனை அவள் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. வழக்கமாகப் போர்வைதான் தெரியும்.

“தூங்கலையாப்பா?”

“இல்லட்டி. இங்கன வா.”

வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், ஆனால் பையைக் கழற்றவில்லை. அடுக்களையில் சுரண்டும் சத்தம் நின்றது.

“காது வலி எப்படி இருக்கு?”

“இருக்கு.”

“இனிமே ஞாயித்துக்கிழமை வீடியோ கிடையாதுட்டி. போனை வீட்டுல வச்சிட்டு வருவேன். நீ வந்தா வா, வராட்டி இரு. உன் இஷ்டம்.”

கோமு அவனையே பார்த்தாள். பிறகு பையின் வாரை மெதுவாகத் தோளிலிருந்து இறக்கினாள்.

“அந்த மாமா வர மாட்டாவளா?”

“வர மாட்டான்” என்றான். பிறகு, “கமெண்டை மூடினது நீதானா?” என்று கேட்டான்.

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

“நல்ல வேலை பண்ணிருக்க. அப்பா ஏச மாட்டேன். ஆனா அவனுவ எழுதினது எல்லாம் முதல்லயே உனக்குத் தெரியும். இவ்வளவு நாளு அம்மாகிட்ட ஏன்ட்டி சொல்லல? துபாய்க்காரரு, டீச்சரம்மா, மீனு… அதெல்லாம் எங்க இருந்து வாசிச்ச?”

அடுக்களை வாசலில் முத்துராணியின் நிழல் வந்து நின்றது. கோமு அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“நிஜத்தை வாசிச்சா அம்மா அழுவா, அதான் நானாச் சொன்னேன்… தினமும் புதுசு புதுசா நல்லதாச் சொல்ல எனக்கு வரலப்பா, அதான் மூடிட்டேன்.”